பரீட்சைக்கு ஒரு ஜெபம்

ஜெபக்குறிப்பு கேட்டு வருகிறவர்களை நான் நம்புவதில்லை. உங்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். நம் ஐக்கியக் கூட்டத்தில் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, ‘இதற்காக ஜெபியுங்கள், அதற்காக ஜெபியுங்கள்’ என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வரும்போது, என் முறை வந்தால் ‘முழங்கால் வலி’ என்று முடித்துவிடுவேன். பல வருஷமாக அதே முழங்கால்தான். யாருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, யார் மகனுக்கு விவாகரத்து, யாருக்கு வேலை போயிற்று என்று வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படத்தோடு வந்து விழும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ‘இது ஜெபம் இல்லை, ஊர்வம்பு’ என்று ஒருமுறை நம் போதகரிடமே சொல்லி, அந்தப் பையன் முகம் வாடிப்போனது நினைவிருக்கிறதா? இவளுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது என்று நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். வாஸ்தவம்தான். அது எங்கே ஆரம்பித்தது என்று இன்று சொல்லிவிடுகிறேன். சொன்னால் யாருக்கும் கெடுதல் வராத காலம் வந்துவிட்டது. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

பிஜியில், லௌட்டோக்காவிலிருந்து நாந்திக்கு எதிர்த்திசையில் போகும் சாலையில் லோவு. இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் ஆலைக்குக் கரும்பு இழுக்கும் ரயிலின் தண்டவாளம், அதைத் தாண்டினால் எங்கள் கோவில். மரச்சுவர், தகரக்கூரை. மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது. அது சில ஞாயிறுகளில் பெரிய ஆசீர்வாதம். உள்ளே போனதும் ஈரம் ஏறிய பாட்டுப்புத்தக வாசனையும், எங்கள் தலையில் வழிகிற தேங்காயெண்ணெய் வாசனையும், வெட்டுக் காலத்தில் எரித்த கரும்பின் கரி வாசனையும் கலந்து அடிக்கும். இந்த வாசனை வேறு எந்தக் கோவிலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பட்டம் பெற்ற குருவானவர் டவுனிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்றபடி சபை உபதேசியார் கையில். கூலிக்காரக் கப்பலில் வந்தவர்களின் பேரன் அவர். ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர், மனைவியை இழந்து தனியாக இருந்தார். எங்கள் வீடுகளில் எல்லாம் பிஜி இந்திதான். தமிழ் என்பது கோவிலுக்கும் கிழவர்களுக்கும் உரியது. உபதேசியார் மட்டும் யாரிடமும் அந்தப் பழைய சென்னைப் பக்கத் தமிழில்தான் பேசுவார், எதிரில் இருப்பவர் இந்தியில் பதில் சொன்னாலும் விடமாட்டார். எனக்கே எழுதப் படிக்க வந்தது கல்யாணமாகி ஒரு திருநெல்வேலி வீட்டுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான். ஆனால் காதில் முதலில் விழுந்தது அவர் தமிழ்.

அவரிடம் ஒரு சைக்கிளும் மூங்கில் பிடி வைத்த கறுப்புக் குடையும் இருந்தன. சொட்டுகிற குடையோடு அடுத்தவர் வீட்டுக்குள் போவது மரியாதை இல்லை என்று வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். பிறகு வெயில் காலத்திலும் அதுவே பழக்கமாகிவிட்டது. வேலியில் குடை தொங்கினால் அந்த வீட்டில் ஜெபம் நடக்கிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைப்பார்கள். ஒரு சங்கீதம் வாசிப்பார், முழங்கால் போட்டு ஜெபிப்பார், எலுமிச்சைப்புல் டீ குடிப்பார், போய்விடுவார். அவ்வளவுதான் அவர் ஊழியம்.

அப்புறம், இந்தியர்கள் நிறைந்த ஆட்சி வந்தது பிடிக்காமல், பூர்வகுடிப் பட்டாளம் பார்லிமெண்டுக்குள் புகுந்தது. நம் எல்லோருக்கும் அந்த வருஷம் ஒரு தழும்பு உண்டு, அதை நான் விவரிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது, பஸ் கூடாது, கடை கூடாது என்று சட்டம் வந்தது. எங்களைச் சுற்றியிருந்த இந்துக் குடும்பங்கள், ‘உங்கள் ஆட்கள் கொண்டுவந்த சட்டம்தானே’ என்பதுபோல எங்களைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் பட்டாளக்காரர்களுக்கோ நாங்கள் வேதபுத்தகம் வைத்திருக்கிற இந்தியர்கள், அவ்வளவே. இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம்போல எங்கள் சபை இருந்தது.

ஜனங்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். ஆனால் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பவில்லை. போகப்போகிறான் என்று தெரிந்தால் கரும்பு வெட்டும் கூட்டம் அவன் வயலைக் கடைசிக்குத் தள்ளிவிடும், கரும்பு நின்றபடியே காயும். நிலம் குத்தகை நிலம், நிலத்துக்காரர் காதுக்குப் போனால் அதுவும் கைமாறிவிடும். இவ்வளவும் நடந்த பிறகு விசா வராமல் போனால்? அதனால் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு, அடுத்தவன் வீட்டைக் கண்ணால் துழாவினார்கள். பல் பிடுங்கிக் கட்டிக்கொண்டு வந்தால் சந்தேகம். வெளிநாட்டில் பல்வைத்தியம் கட்டுப்படியாகாதாம். கம்பளிச் சட்டை காய்ந்தால் சந்தேகம். நாயை யாருக்காவது கொடுத்தால் முடிந்தது கதை. எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் கரும்பு. இருக்கிறவன் புதுக்கரும்பு நடுவான். போகிறவன் வெட்டிய கட்டையிலிருந்து கிளம்புகிற மறுதாம்பை வைத்தே ஓட்டிவிடுவான்.

எங்கள் சபையில் தூரப்பயணம் போகிறவர்களுக்கு வீட்டில் ஒரு ஜெபம் உண்டு. வழிஜெபம் என்போம். அதற்கென்று ஒரு சங்கீதமும் உண்டு. அந்த ஜெபம் இல்லாமல் கடல் தாண்ட எங்கள் ஆட்களுக்குத் தைரியம் வராது. ஆகவே ஊருக்கெல்லாம் மறைத்தாலும் உபதேசியார் ஒருவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியாக வேண்டும். அவர் வருவார். வேலியில் குடை தொங்கும்.

முதலில் ஒரு வாத்தியார் குடும்பம். குடை தொங்கிய அடுத்த வாரம் வீடு காலி. அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. அடுத்து ஒரு பஸ் டிரைவர் வீட்டில் குடை தொங்கியது. இப்போது ஊர் விழித்துக்கொண்டது. இரண்டொரு நாளில் நிலத்துக்காரர் கிராமத்திலிருந்து, அவர்கள் மரியாதைக்கு இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டோடு வந்து உட்கார்ந்து, போகிறீர்களாமே என்று மரியாதையாகத்தான் கேட்டார். கரும்பு வெட்டும் கூட்டத்துக்குத் தலைவரான சர்தார் டிரைவர் வைத்திருந்த கரும்பு வயல் பக்கமே திரும்பவில்லை. பட்டாளக்காரர்கள் வந்து பெட்டிகளைக் கவிழ்த்துப் பாஸ்போர்ட்டைத் தேடினார்கள். கடைசியில் விசாவும் வரவில்லை. அந்த மனிதர் வெட்டாமல் காய்ந்துபோன கரும்புக்கு நடுவில் குந்தி உட்கார்ந்திருந்ததை நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தேன். பெரிய மனிதர்கள் அழுவார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அதற்கப்புறம்தான் உபதேசியார் எல்லா வீட்டுக்கும் போக ஆரம்பித்தார். முன்பெல்லாம் நோய், சாவு, பிறப்பு என்றால்தான் வருவார். இப்போது காரணமே இல்லாமல் வந்தார். ஒரு வீடு விடாமல் வேலியில் குடை தொங்கியது. எல்லா வீட்டிலும் அதே வழிஜெபச் சங்கீதத்தை வாசித்தார். அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கு நெஞ்சுச்சளி. படுக்கைக்குப் பக்கத்தில் நின்று இவர் அதை வாசிக்கவும், கிழவர் தனக்குத்தான் நேரம் வந்துவிட்டது, டாக்டர் தன்னிடம் மறைத்துவிட்டார் என்று நினைத்து, மகன்களைக் கூப்பிட்டு மாட்டைப் பங்கு பிரித்துவிட்டார். மறுவாரம் சளி கரைந்து எழுந்து உட்கார்ந்தார். மாடு திரும்பி வரவில்லை. அந்த வீட்டில் உபதேசியாரின் பெயரைச் சொன்னாலே பாத்திரம் உருளும்.

சிரிப்பு அதோடு நின்றது. இந்த ஆள் எதற்கு வீடுவீடாக ஏறி இறங்குகிறார் என்று பேச்சு கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையில் மறித்து நிற்கும் பட்டாளக்காரர்கள் அவர் சைக்கிளை மட்டும் விட்டுவிடுவார்கள். போதகர் என்று அவர்கள் பாஷையில் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஒருநாள் அவர்களோடு பாயில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் யங்கோனா குடித்ததைச் சர்தாரே பார்த்திருக்கிறார். போதாதா? டிரைவர் வீட்டைக் காட்டிக்கொடுத்தது யார் என்பதற்கு ஊருக்குப் பதில் கிடைத்துவிட்டது. நானும் நம்பினேன். என் சிநேகிதிகளும் நானும் அவர் சைக்கிள் மணி கேட்டால் கரும்புக்குள் பதுங்கி, எந்த வேலியில் குடையை மாட்டுகிறார் என்று வேவு பார்ப்போம். பெரியவர்களின் சந்தேகம் பிள்ளைகளுக்கு விளையாட்டு.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா, அம்மா, நான் மூவரும் முழங்கால் போட்டோம். அவர் வாசித்தார். ஜெபத்தில் ‘இந்தக் குடும்பத்துக்கு முன்னால இருக்கிற காரியம்’ என்று மட்டும் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்பாதான் சபையின் மூப்பர், கணக்கு வழக்கு, கூட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. உபதேசியாரை வாசல்வரை வந்து வழியனுப்புவது அவர் வழக்கம். அன்று அப்பா எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் அப்பா புதுக்கரும்பு நட்டார். மறுதாம்பைத் தோண்டி எறிந்துவிட்டு முழு வயலையும் உழுது நட்டார். விதைக்கரும்பைத் துண்டு போடும்போது வரும் பச்சை வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. நானும் சாலில் துண்டு போட்டேன். ‘மூப்பர் நடுறாரு, மூப்பர் இருப்பாரு’ என்று சாலையில் போகிறவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். எனக்கு அவ்வளவு பெருமை.

ஆராதனை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கூட்டம் கூடியது. சர்தார் எழுந்து, உபதேசியார் எங்கெல்லாம் போனார், என்ன பேசினார் என்று சபைக்குச் சொல்ல வேண்டும் என்றார். யார் யார் போகப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும், அதைத்தான் பட்டாளத்துக்குக் கொண்டுபோகிறார் என்றார் இன்னொருவர். உபதேசியார் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னார்: ஜெபம் பண்ணினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து, மூப்பர் வீட்டிலும்தான் குடை தொங்கியது என்று ஒரு குரல் வந்தது. எல்லாத் தலையும் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பியது.

அப்பா எழுந்தார். கோபம் வந்தால் இந்திக்குத் தாவுகிறவர் அன்று தமிழில் பேசினார்.

“என் ஊட்டுக்கும் வந்தீங்க. வேலியில குடையை மாட்டினீங்க. என் ஊட்ல இன்னாத்துக்கு ஜெபம் பண்ணீங்கன்னு சபை முன்னாடி சொல்லுங்க.”

உபதேசியார் அப்பாவைப் பார்த்தார். கூரையில் ஏதோ மாங்கொட்டை உருண்டு விழுகிற சத்தம் கேட்டது.

“உன் பொண்ணு பரீட்சைக்கு, தம்பி,” என்றார்.

எனக்கு அந்த வருஷம் பரீட்சையே கிடையாது. பெரிய பரீட்சை அடுத்த வகுப்புக்குத்தான். அதற்காக அவர் ஒரு வார்த்தையும் ஜெபிக்கவில்லை என்பது பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த எனக்குத் தெரியாதா? கோவிலுக்குள், பலிபீடத்துக்கு முன்னால், வேதபுத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் பொய் சொன்னார். ஆள் பொய்யன்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள், வார் சரியாகத்தான் இருந்தது.

அப்பா உட்காரவில்லை. பரீட்சைக்கு ஜெபிக்க ஊர் முழுக்க ஏற வேண்டுமா, சபையின் நிம்மதி கெட்டுவிட்டது, இனி இவர் வீடுகளுக்குப் போகவும் வேண்டாம், பிரசங்கிக்கவும் வேண்டாம் என்று தீர்மானத்தை அவரே கொண்டுவந்தார். கைகள் உயர்ந்தன. உபதேசியார் வேதபுத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குள் வெளியே நல்ல மழை பிடித்திருந்தது. ஆனாலும் கதவோரம் ஆணியில் மாட்டியிருந்த குடையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் இருந்தவரை அது அங்கேயே தொங்கியது, யாரும் தொடவில்லை. கடைசியில் அது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறிலிருந்து அவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வேறொருவர் திக்கித் திக்கி வாசித்தார். வழிஜெபம் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. போனவர்கள் ஜெபமில்லாமல் போனார்கள்.

புதுக்கரும்பு என் முழங்கால் உயரம் வந்திருந்தது. ஒரு நாள் காலை, சந்தைக்குப் போகிற உடுப்போடு அம்மா டாக்ஸியில் ஏறச் சொன்னாள். வாசலில் நாயைக் கட்டிப்போட்டிருந்தார்கள். அது ஏன் என்று கேட்டதற்கு, சாயந்திரம் வந்துவிடுவோம் என்றாள். டாக்ஸி சந்தையில் நிற்காமல் டவுனைத் தாண்டிப் போய், நாந்தி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வோட்டுவாலேவில் ஒரு உறவினர் வீட்டில் நின்றது. எங்கள் பெட்டிகள் எப்போதோ அங்கே வந்து காத்துக்கொண்டிருந்தன. தலைக்கு மேல் விமானம் இறங்கும் சத்தத்தில்தான் எனக்குப் புரிந்தது. நாய்க்காகச் சிட்னி வரும்வரை அழுதேன். உபதேசியாரை நான் நினைக்கவே இல்லை.

நினைக்க வைத்தது இங்கே நடந்த ஒரு கிறிஸ்மஸ் விருந்து. எனக்குக் கல்யாண வயது. ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் லோவுக்காரர்கள் நாலைந்து குடும்பம் கூடியிருந்தோம். ஒரு அத்தை, தன் குடும்பம் கிளம்பிய விஷயம் உபதேசியார் ஒருவருக்குத்தான் தெரியும், வழிஜெபம் பண்ணிவைத்தார் என்று ஆரம்பித்தாள். எங்களுக்கும் பண்ணினாரே என்றார் இன்னொருவர். எங்களுக்கும் என்றது மூன்றாவது குடும்பம். ஒவ்வொருவரும் தங்கள் ஒரு வீட்டு ரகசியம் மட்டும் அவரிடம் இருந்ததாக நினைத்திருக்கிறார்கள். அத்தை இன்னொன்றும் சொன்னாள். டிரைவருக்கு நடந்ததைப் பார்த்துப் பயந்து, ‘குடை தொங்கினால் எங்கள் கதி என்ன’ என்று அவரிடம் அழுதிருக்கிறாள். “எல்லா ஊட்லயும் தொங்கினா எந்த ஊடுன்னு எவனுக்கும்மா தெரியும்,” என்றாராம். மறுநாளிலிருந்துதான் அவர் ஊர் முழுக்க ஏறி இறங்கியிருக்கிறார்.

அவரை இறக்கிய கூட்டத்தில் கை தூக்கியவர்கள்தான் அங்கே இருந்த அத்தனை பேரும். பேச்சை மாற்றவோ என்னவோ ஒருவர், உங்கள் நாய் அப்புறம் உபதேசியார் சைக்கிள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்ததாம், அவர்தான் கடைசிவரை சோறு போட்டாராம் என்றார். அப்பா எழுந்து அடுப்புக்கரியைக் கிளறப் போய்விட்டார். அடுப்பு அணைந்து வெகுநேரமாகியிருந்தது.

அன்றிலிருந்து என் சந்தேகம் உபதேசியாரை விட்டுவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, என் அப்பாவை நான் பல வருஷம் உளவு பார்த்தேன். விசாவை வீட்டில் வைத்துக்கொண்டு புதுக்கரும்பு நட்டவர். எல்லோரையும்விட உரக்கக் குற்றம்சாட்டியவர். என்ன ஜெபம் பண்ணினீர்கள் என்று சபை நடுவே அவரால் எப்படிக் கேட்க முடிந்தது? அந்த மனிதர் சொல்லமாட்டார் என்று தெரிந்ததால்தானே? அன்று அந்தக் கோவிலில் உபதேசியாரை முழுசாக நம்பிய ஒரே ஆள் அப்பாதான். அந்த நம்பிக்கையை எடுத்துத்தான் அவரை அடித்தார். இதை நினைத்தால் எனக்கு அப்பாவின் தட்டில் சோறு போடக்கூடக் கை வராது.

சில நாள் வேறு மாதிரியும் தோன்றும். இருவரும் முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டார்களோ? ‘நீ கேள், தம்பி, நான் சமாளிக்கிறேன்’ என்று அவரே சொல்லியிருப்பாரோ? அப்படியிருந்தால் அப்பாவை மன்னித்துவிடலாம். ஒருமுறை சாடையாகக் கேட்டேன். பழசை ஏன் கிளறுகிறாய் என்று எழுந்து போய்விட்டார். லோவில் உபதேசியார் இறந்த செய்தி வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. ஆனால் அது எதற்குச் சாட்சி? பசியில்லாமலும் இருந்திருக்கலாம்.

போன குளிர்காலத்தில் அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்களுக்குத் தெரியும், பழம் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். ஒருநாள் மாலை நம் போதகர் வந்தார். நல்ல பையன், நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார். வலிக்காகவா, தூக்கத்துக்காகவா என்று அவரே எடுத்தும் கொடுத்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

“என் பொண்ணுக்குப் பரீட்சை,” என்றார்.

போதகர் என் நரைத்த தலையைப் பார்த்தார். ஆனாலும் சிரிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பரீட்சைக்காகவே உருக்கமாக ஜெபித்தார். அப்பாவின் முகம் கோணிக்கொண்டு கண்ணீர் காதுக்குள் வழிந்தது. பேசி வைத்துக்கொண்டவன் அப்படி அழமாட்டான். எனக்கு விடை கிடைத்துவிட்டது. இத்தனை வருஷம் அவர்மேல் வைத்திருந்த கோபத்தை அங்கே தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவர் காதைத் துடைத்துவிட்டேன்.

வெளியே வராந்தாவில் போதகர், ஐயாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்து எத்தனை நாளாயிற்று என்று இரக்கமாகக் கேட்டார். கொஞ்ச நாளாகத்தான் என்றேன். யோசிக்காமலே வந்த பொய் அது.

அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் ‘ஐயாவின் ஞாபகசக்திக்காக ஜெபிக்கவும்’ என்று வந்து விழுந்தது. நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைகூப்பினீர்கள், நானும் ஒன்று போட்டேன். அப்பாவுக்கு ஞாபகம் நன்றாகவே இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.